கறுப்புக் கட்டத்துக்குள் என்னை வைத்தவர்

சம்பத் செத்துப்போன சேதி எனக்குக் குழாயடியில் வந்தது. பக்கத்து லைன் மேரி குடத்தை இறக்கிவிட்டு, "யக்கா, உன்னை அட்டையில போட்டாரே, அந்தப் பத்திரிகைக்காரர், காலையில பூட்டாராம்" என்றாள். "நிஜமாவா, இல்லை அட்டையில மட்டுமா?" என்று கேட்டேன். மேரிக்குச் சிரிப்பு வந்து வாயை மூடிக்கொண்டாள். ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

'கேஜ் மணி' படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டுக்கு அடிக்கிற மணியின் பேரை ஒரு பாட்டுப் பத்திரிகைக்கு வைத்தவர். எழுதுவது, படம் எடுப்பது, அட்டை போடுவது எல்லாம் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாய்க் கட்டின லைன் வீட்டு முன்னறையிலிருந்து தனியாளாய்ச் செய்தார். இந்தக் கடைசி இதழில் நீங்கள் எல்லாரும் அவரைப் பெரிய கலைஞர் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் நாலாங்கிளாஸ். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த முன்னறைச் சுவர் முழுக்க வேற ஊர்ப் பாட்டுப் பத்திரிகைகளின் அட்டைகள். ஒருமுறை வரிசையாகக் காட்டினார். கச்சேரிப் பாட்டு என்றால் பட்டுப்புடவை, தம்புரா, குத்துவிளக்கு. இங்கிலீஷ் கிடார் பாட்டு என்றால் கறுப்பு, மண்டை ஓடு, முள்முள்ளாய் எழுத்து. கானா என்றால் சிவப்பு, நெருப்பு. "பாட்டு இன்னாதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே அட்டை சொல்லிடுதுக்கா. அப்புறம் காது எதுக்கு?" என்றார். அதை மாற்றிச் செய்தும் காட்டினார். ஊரிகத்துக் கிடார்க்காரர்களை வேட்டி கட்டி ஜமுக்காளத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினார். கோயில் நாதஸ்வரக்காரரைக் கறுப்பில் நிறுத்தி, முள்ளெழுத்தில் பேர் போட்டார். நாதஸ்வரக்காரர் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்.

அடுத்து ஒப்பாரிக்கு வந்தார். அப்போது சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அட்டையில் வரப்போகிறேன் என்றதும், மகள் கல்யாணத்துக்குக் கட்டிய மஞ்சள் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன். பேத்தமங்களா ஏரிக்கரையில் உச்சி வெயிலில் நிற்க வைத்தார். "கொஞ்சம் அழுங்கக்கா" என்றார். "யாரு செத்தாங்க அழறதுக்கு?" என்று முறைத்தேன். அந்த நேரம் பார்த்து கேமராவை அமுக்கிவிட்டார்.

இதழ் வந்தது. மஞ்சள் இல்லை, ஏரி இல்லை. கழுத்துக்கு மேலே என் முகம் மட்டும், கறுப்பு வெள்ளையில். சுற்றிக் கறுப்புக் கட்டம். கீழே என் பேர். நம் ஊர்ச் சாவு போஸ்டர் எப்படி இருக்குமோ அப்படியே. பத்திரிகைப் பேர் மூலையில் பொடியாக இருந்தது. ஊரிகம் ஸ்டேஷன் டீக்கடையில் அதைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் பேத்தமங்களாவிலிருந்து என் தங்கச்சி சம்பங்கி மாலையோடு, லைன் முனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்தாள். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். "ஏன்டி, இன்னா ஆச்சு? யாரு பூட்டாங்க?" என்றேன். "நீதான்க்கா!" என்று கத்தின பிறகுதான் என்னைப் பார்த்தாள். "ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதாடி?" "செத்தவளுக்கு யாரு போன் பண்ணுவா?" பிணத்துக்கு என்று வாங்கின மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது. முச்சந்தியில் போட்டுவிட்டு ரெண்டு பேரும் தலை முழுகினோம். என் சாவுக்கு நானே தலை முழுகினேன்.

அதோடு தீரவில்லை. சாவு போஸ்டரில் வந்தவள் பாடினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று யாரோ கிளப்பினார்கள். ஒன்பது வருஷம் ஒரு வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை.

சம்பத்திடம் போய், "இன்னா தம்பி, உயிரோட பொதைச்சிட்டியே" என்றேன். "எந்தப் பத்திரிகைக்குக்கா இந்தத் துணிச்சல் இருக்குது? ஊரே பேசுது" என்றார். "கிடாருக்கு விளக்கு ஏத்தினே, நாதஸ்வரத்துக்கு முள்ளு வெச்சே. ஒப்பாரிக்கு மட்டும் ஏன்பா சாவையே வெச்சே? எனக்கு மஞ்சள் ஆகாதா?" அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் உயிரோடு இருப்பது தெரியும்படி, அந்த மஞ்சள் புடவையோடு இன்னொரு அட்டை போடச் சொன்னேன். "அடுத்த இதழ்லக்கா" என்றார். ஒவ்வொரு இதழுக்கும் அதையே சொன்னார்.

அவர் சாவுக்குப் போனேன். வாசலில் ஃப்ளெக்ஸ். ரோஜாப்பூ, ரெண்டு புறா, மேகம். கடையில் எல்லாப் பிணத்துக்கும் போடுகிற படம். "இதுக்குப் பதிலா வெத்துக் காகிதம் ஒட்டலாம்" என்று அவரே திட்டுகிற படம். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் மகள் நிர்மலா என் கையைப் பிடித்தாள். "அத்தை, ஒரு அடி பாடுங்க." பின்னாலிருந்து ஒரு குரல், "வேணாம்மா, ராசியில்லை" என்றது. "இருந்த ஒருத்தரும் பூட்டாரு. இன்னும் இன்னா ராசி?" என்றாள் அவள்.

ஒப்பாரியில் செத்தவரைத் திட்டலாம். ஒன்பது வருஷத்தையும் சேர்த்துத் திட்டினேன்.

"மஞ்சள் உடுத்தி வந்தவள
மைய பூசி வெச்சவனே
பாடும் வாயப் பூட்டிவிட்டுப்
பேசாமப் படுத்தவனே"

பாடாத குரல் கட்டையாய் வந்தது. ஆனாலும் பொம்பளைகள் மாரடித்து அழுதார்கள். பதில் சொல்ல வேண்டியவர்தான் அப்போதும் சொல்லவில்லை.

இந்தக் கடைசி இதழுக்கு எழுதக் கேட்ட நிர்மலாவிடம், அந்த மஞ்சள் படம் எங்காவது இருக்கிறதா என்றேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினாள். இல்லை. கறுப்பாக்கினதை வைத்துக்கொண்டு மஞ்சளை அழித்திருக்கிறார். அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனால் மட்டும் ஒருத்தர் செய்தது சரியாகிவிடாது.

அந்த அட்டை என் பெட்டியில், பட்டுக்கு அடியில் இருக்கிறது. நான் போகிற நாளில் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடாதே, இதையே ஒட்டு என்று பேரனிடம் சொல்லிவிட்டேன். ரோஜாவும் புறாவும் எனக்கு வேண்டாம். ஒப்பாரிக்காரி என்றால் வேறு யார் அட்டை போட்டிருந்தாலும் கண்ணில் நீர் வைத்திருப்பார்கள். இந்த அட்டையில் இருக்கிற பொம்பளை அழவில்லை, முறைக்கிறாள். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த முறைப்பு ஒன்றுதான்.