சும்மாட்டுக்குள் தைத்த கதிர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோபத்தோடுதான் இதை நம் சபை குரூப்பில் டைப் செய்கிறேன். கோபம் அடங்கட்டும் என்று மூன்று நாள் வெயிட் பண்ணிப் பார்த்தேன். அடங்கவில்லை.

போன ஞாயிறு ஆராதனையில் தனராஜ் சார் மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னார். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆஸ்திரேலியா போனபோது ஏர்போர்ட்டில் ஒரு சோதனை வந்ததாம். ‘ஒரு மாணவியின் அறியாமையால்’ வந்ததாம். சார் ஜெபித்தாராம், கர்த்தர் கதவைத் திறந்தாராம். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அந்த மாணவி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா.

கர்த்தர் கதவைத் திறந்தது சத்தியம். மற்றது எல்லாம் டுபாக்கூர். அந்த ஜெபத்துக்கு நானும் சாட்சி. அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஏஞ்சலின். பூதலூர் பக்கம் இருக்கிற நம் பள்ளியில்தான் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளியில் கலாசார விழா. பல நாட்டுப் பிள்ளைகள் வந்து அவரவர் ஊர் ஆட்டத்தை ஆடிக்காட்ட வேண்டும். நம் பக்கம் பன்னிரண்டு பெண் பிள்ளைகள். கூடவே உதவித் தலைமையாசிரியர் தனராஜ் சார், ஹெப்சி டீச்சர், நான்.

நாங்கள் எடுத்துக்கொண்டது நடவு ஆட்டம். பாட்டு முழுக்க வசந்தா அக்கா கொடுத்தது. வசந்தா அக்கா நடவு ஆளாக ஊர் ஊராகப் போகிறவர். இந்த வருஷம் முதல் தடவையாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்து, தானே சம்பா போட்டார். அவருடைய மகள் கயல் ஒன்பதாவது படிக்கிறாள். ஆட்டத்தில் முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் தொண்டையைத் திறந்தால் மற்ற பதினோரு பேருக்கும் காலில் உயிர் வரும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

ஆட்டத்தில் கயல் தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் நாற்றுக் கட்டைச் சுமந்து வர வேண்டும். நாற்றுக் கட்டு பிளாஸ்டிக், கும்பகோணத்தில் வாங்கியது. எனக்கு அதைப் பார்த்தாலே கடுப்பு. சும்மாடாவது ஒரிஜினலாக இருக்கட்டும் என்று வைக்கோலை முறுக்கி, சிவப்புத் துணி சுற்றி நானே தைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வசந்தா அக்கா தன் மூன்று மாவில் அறுத்த முதல் கதிர்க்கட்டைப் பீடத்தில் கொண்டுவந்து வைத்தார். போதகர் ஐயர் ஜெபித்தார். ஆராதனை முடிந்ததும் அந்தக் கட்டிலிருந்து நாலு கதிரை நைசாக உருவிக்கொண்டு வந்தேன். சும்மாட்டைப் பிரித்து, வைக்கோலுக்கு நடுவில் கதிரை வைத்து, மறுபடியும் தைத்தேன். உள்பக்கம் வெள்ளை நூலில் சின்னதாக ஒரு சிலுவை போட்டேன். ‘ஆண்டவரே, இந்தப் பயணம் நல்லபடியாக முடியட்டும், உம்முடைய ஆசீர்வாதம் அவள் தலைமேலேயே இருக்கட்டும்’ என்று ஜெபித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருக்கிற ரகசியம் என்று ஒரு பெருமை.

திருச்சியில் ஏறி, நடுவில் விமானம் மாறி, காலையில் இறங்கப்போகிற நேரம். எல்லாருக்கும் ஒரு கார்டு கொடுத்தார்கள். செடி, விதை, தானியம், வைக்கோல் எதுவும் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. கயல் என் பக்கத்து சீட். சார் நடைபாதையில் வந்தபோது அவள் கையைத் தூக்கிக் கேட்டாள்.

“சார், சும்மாட்டுல வைக்கோல் இருக்கு. உள்ள இன்னும் என்னமோகூட இருக்கு. ஆமான்னு போடவா?”

“ஏம்மா, நீ ஆமான்னு போட்டா பன்னெண்டு பேரையும் லைன்ல நிறுத்திருவான். எல்லாத்துக்கும் நோ போடு. பெரிய கலெக்டர் மாதிரி கேள்வி கேக்காத.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “சார் சொல்றத செய் கயல்” என்றேன். சொன்ன உடனே நெஞ்சில் சுருக்கென்றது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன்.

ஏர்போர்ட்டில் ஒரு நாய் வந்தது. குரைக்கக்கூட இல்லை. கயலுடைய பைக்குப் பக்கத்தில் வந்து சாதுவாக உட்கார்ந்தது. அவ்வளவுதான். ஒரு பெண் அதிகாரி பையைத் திறந்து, சும்மாட்டை எடுத்து, கத்தரியால் துணியை வெட்டினார். வைக்கோல் சரிந்தது. அதிலிருந்து நெல் மணி பொலபொலவென்று ஸ்டீல் மேசை மேல் உதிர்ந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

“யாருடையது இது?” என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. சாருக்கு வந்தது. இங்கிலீஷில் என்னமோ நீளமாகச் சொன்னார். சுருக்கம் இதுதான்: இந்தப் பெண்ணுடைய வீட்டில் வைத்து அனுப்பியிருப்பார்கள், வயலில் வேலை செய்கிற படிக்காத ஜனங்கள், நாங்கள் படித்துப் படித்துச் சொன்னோம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இதுக்குத்தான் இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைங்கள கூட்டிட்டு வரக் கூடாதுங்கறது” என்றார். பன்னிரண்டு பிள்ளைகள் முன்னால் சொன்னார். கயல் காதில் விழும்படி சொன்னார்.

கயலை ஒரு கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார்கள். துணைக்கு ஹெப்சி டீச்சர். அரை மணி கழித்து டீச்சர் வெளியே வந்து அழுதார். “விதையை மறைச்சுப் பொய் சொல்லி எழுதிக் குடுத்திருக்கான்னு சொல்றாங்க. விசாவ கேன்சல் பண்ணினாலும் பண்ணுவாங்களாம். அப்படின்னா இப்பவே திருப்பி அனுப்பிருவாங்க. யாரு வச்சான்னு கேட்டா இவ வாயத் திறக்க மாட்டேங்குறா.”

சார் வாட்சைப் பார்த்தார். “பஸ்ஸு வெயிட்டிங். ஹெப்சி, நீங்க அவளோட திரும்பிப் போயிருங்க. ஒருத்திக்காக பதினோரு பேர் ப்ரோக்ராம கெடுக்க முடியாது. பாட்டு பென்டிரைவ்ல இருக்கு, போட்டுக்கலாம். வாங்க பிள்ளைங்களா, ஜெபம் பண்ணுவோம்.”

வட்டமாக நிற்க வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். “சித்தத்துக்கு ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே” என்று உருகினார். நான் கண்ணை மூடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கயல் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த ட்ராலியைத் தூக்கிச் சார் மேல் போட்டிருப்பேன்.

டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாக ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை. “உமக்குக் காது இருக்கா இல்லையா? உம்முடைய பீடத்துல வச்ச நெல்லுதானே அது? உம்ம நம்பித்தானே தச்சேன்? அந்தப் பிள்ளைய வெளிய விடும். எப்படியாவது விடும். யாரையாவது அனுப்பும்!” என்று கத்தினேன். பக்கத்துக் கதவைத் திறந்து யாரோ ஓடினார்கள்.

பதில் வந்தது. வானத்திலிருந்து குரல் எதுவும் இல்லை. முகம் கழுவப் போனேன், கட்டைவிரல் எரிந்தது. சும்மாடு தைத்தபோது ஊசி ஏறிய இடம். புண் இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன் இல்லையா? அனுப்ப வேண்டிய ஆள் கண்ணாடியில் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அதற்கும் சண்டை போட்டேன். ‘என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. இது என் முதல் பாஸ்போர்ட். நாளைக்கு வேலைக்கு வெளிநாடு போக முடியாமப் போயிடும்.’ என்னென்னவோ சொன்னேன். விரல் எரிச்சல் நிற்கவில்லை. போனேன்.

அறை வாசலில் சார் தடுத்தார். “ஏஞ்சலின், தேவையில்லாம உள்ள போயி மாட்டிக்காத. பேரு கெட்டுரும்.”

“யார் பேரு சார்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

மேசையில் ஒரு போன் ஸ்பீக்கரில் இருந்தது. மொழிபெயர்க்க ஒரு பெண் குரல், இலங்கைத் தமிழ். “பிள்ளை, பயப்பிடாதேங்கோ. இதை ஆர் தைச்சது எண்டுதான் அவ கேக்கிறா. சொன்னால் உங்களுக்கு நல்லம்.” கயல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் தச்சேன்” என்றேன். தமிழில்தான் வந்தது. வெட்டிக் கிடந்த துணியைப் புரட்டி வெள்ளை நூல் சிலுவையைக் காட்டினேன். விரலைக் காட்டினேன். விமானத்தில் அவள் கேட்டதை, சார் சொன்னதை, நான் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன். “அவ ஆமான்னு போடவான்னு கேட்டா. பெரியவங்க ரெண்டு பேர் சேர்ந்து அவளப் பொய் சொல்ல வச்சோம்.” போனில் இருந்த அம்மா நான் சொன்னதை அப்படியே, நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் அதிகாரியிடம் எடுத்துச் சொன்னார். முகம் தெரியாத அந்தக் குரலுக்காக இன்றுவரை நன்றி சொல்லி ஜெபிக்கிறேன்.

அதிகாரி சாரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். சார், “ஐ டோன்ட் ரிமெம்பர்” என்றார். அவர் ஞாபக மறதிக்கும் சேர்த்து ஜெபிக்கிறேன்.

அவர்கள் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது கயலைக் கேட்டேன். “ஏன்டி நான் தச்சேன்னு சொல்லல? உள்ள கதிர் இருக்கறது உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்னக்கா? பிராக்டீஸ்லயே தலையில குத்துச்சு. சும்மாட்டுல யாராச்சும் கதிர் வைப்பாங்களா? உங்களுக்கு வயல் தெரியாதுல்ல, பாவம்னு விட்டேன்.”

“இங்க கேட்டாங்கல்ல, சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா உங்கள அனுப்பிருவாங்கன்னு போன்ல அவங்க டீச்சர்கிட்ட சொன்னப்ப புரிஞ்சுது. அதான்.”

நான் வெளியே வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு மணி நேரமும், இந்தப் பிள்ளை உள்ளே எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைப் பார்த்து, “அக்கா, மூக்கு ஒழுகுது” என்றாள்.

கயலை விட்டுவிட்டார்கள். எச்சரிக்கை மட்டும். அவள் சிறுமி, கேள்வி கேட்டிருக்கிறாள், தப்பு பெரியவர்களுடையது என்று எழுதிக்கொண்டார்கள். சாருக்கும் எச்சரிக்கைதான், அவர் தைக்கவில்லையே. என் விசா ரத்து. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் வயலுக்கு நோய் வரக் கூடாது என்று பார்க்கிறார்கள். பூச்சி விழுந்த பயிரைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

சும்மாட்டையும் கதிரையும் ஒரு மஞ்சள் கவரில் போட்டு அழிக்க எடுத்துப் போனார்கள். கயல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவள் அம்மாவின் முதல் நெல். பிறகு, “இப்ப சும்மாட்டுக்கு என்னக்கா பண்றது?” என்றாள். என் துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி, கையில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு முறுக்கு முறுக்கித் தலையில் வைத்தாள். ரெண்டே நொடி. நான் ரெண்டு நாள் தைத்த வேலை அது.

அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் நான் பார்த்தது ஒரு அறை, ஒரு டாய்லெட், ஒரு நாய். ஆட்டத்தை ஹெப்சி டீச்சர் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். பென்டிரைவ் தேவைப்படவில்லை. என் பச்சைத் துப்பட்டா தலையில் இருக்க, கயல் வாய் திறந்து பாடினாள்.

ஊருக்கு வந்ததும் வசந்தா அக்காவிடம் போய், கதிரை உருவினதையும் சேர்த்துச் சொன்னேன். “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே பாப்பா” என்றார். சார் பேசினதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. “அந்தாளு வீட்டு வயல்லயும் நான்தான் நட்டேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாரிடமும் நேரில் போனேன். கயலிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். “முடிஞ்சு போனத ஏம்மா கிளர்ற? எல்லாம் கர்த்தர் நல்லதா முடிச்சாருல்ல” என்றார். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தார்.

அதனால் சொல்கிறேன். கர்த்தர் கேட்டார். டாய்லெட்டில் நின்று கத்தினவளுக்கும் பதில் கொடுத்தார். கதவைத் திறந்தார், நான் உள்ளே போவதற்காக. அதற்கு முன்னால் நான் ஜெபம் என்றால் பொறுப்பை மேலே தள்ளிவிடுவது என்று நினைத்தவள். இப்போது ‘யாரையாவது அனுப்பும்’ என்று ஆரம்பித்தாலே விரலைத் தடவிப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்குவார். கேட்டபின் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.

வருகிற ஞாயிறு இதை நான் வாசிக்கப் போகிறேன். ஐயர் சரி என்றுவிட்டார். முடிந்ததும் யாரும் கைதட்ட வேண்டாம். மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள். அவள் தரையைப் பார்க்காமல் இருந்தால் போதும்.