அவன் சூடம் அணைத்த பிறகு

சொந்த வீட்டு வாசலில் நின்று "உள்ளே வரலாமா" என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். "இப்ப வேண்டாம் மதினி, ஆளு இருக்காவ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான் முருகேசன். அந்தக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது நான்.

ஆடித் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் கோயிலில் கேட்டார்கள். எனக்கு வாய்தான் நீளம், எழுத்துப் பழக்கம் இல்லை. ஆனாலும் கோயிலில் இருக்கிற நம் அம்மா எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். நான் செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் தைரியம் வரவில்லை.

தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ரூம். என் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் முப்பது வருஷம் நின்று என் பேரில் வாங்கியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ரூம்தான் பிள்ளை மாதிரி. அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தபோது, ஊரில் வைத்தியம் பார்க்கலாம் என்று அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப் போனேன். ரூமை முருகேசனுக்கு வாடகைக்கு விட்டேன். பக்கத்து ஊர்க்காரன். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். நம் கோயிலில் அக்கினிச்சட்டி எடுப்பவன். அவன் பெண்டாட்டி செல்வி. நாலு வயசில் ஒரு பெண் குழந்தை, என்னைப் பெரியம்மா என்று காலைக் கட்டிக்கொள்ளும்.

ரயில் ஏறுகிற அன்றைக்கு, பிள்ளையைப் பால்வாடியில் சேர்க்க அட்ரஸ் புரூஃப் வேண்டும் என்று ஒரு ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினான். அதில் ஒன்றும் எழுதவில்லை. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க மதினி, நான் பிறகு எழுதிக்கிடுதேன்" என்றான். போட்டேன். அம்மனுக்குச் சட்டி எடுக்கிறவன் ஏமாற்றுவானா என்ற நினைப்பு. என்னைப் போல புத்திசாலி இந்த மும்பையிலேயே கிடையாது.

முதல் வருஷம் வாடகை வந்தது. பிறகு நின்றது. போன் போட்டால் எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள், அதற்குச் சர்வே என்று சொன்னார்கள். ரூம் ரூமாக நம்பர் எழுதுகிறார்கள், யார் பேர் எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் புது வீடு. அவரையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். முருகேசன் அந்தப் பேப்பரைக் காட்டினான். ரூமை நான் அவனுக்கு விற்றுவிட்டதாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து, அழகாக.

மும்பையிலேயே டிராம்பேயில் இருக்கிற என் நாத்தனார் வீட்டு அடுக்களையில் அவரைக் கிடத்தினோம். காலை நீட்டினால் சிலிண்டரில் இடிக்கும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பேச்சி, நம்ம ரூம்ல போய்ப் படுத்துக்கிடணும்." சாவதற்கு முன்னால் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

போலீஸில் இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ என்றார்கள். மாஹிமில் ஒரு வக்கீல், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். அத்தனை வருஷம் இவர் இருப்பாரா என்று வக்கீலிடம் கேட்க முடியுமா? எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் கோயில் பெரியவர்கள், அவன் அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. எரிகிற சூடத்தில் கையை வைத்துப் பொய் சொல்ல நம் ஆட்களில் எவனுக்குத் துணிச்சல் வரும்? "அவன் சத்தியம் பண்ணிட்டா ரூம் அவனுக்கே. நான் கோர்ட்டுப் பக்கம் போக மாட்டேன்" என்று நானே எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. வாய் நீளம் என்று சொன்னேனே.

வெள்ளிக்கிழமை வந்தான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. செல்வி பிள்ளையோடு தூணுக்குப் பின்னால் நின்றாள். "இந்த ரூம நான் காசு கொடுத்து வாங்குனேன், இது சத்தியம்" என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அமுக்கி அணைத்தான். கை நடுங்கக்கூட இல்லை. அடுத்த குடும்பத்தார் தேங்காய் உடைக்க வந்தார்கள். எங்களை நகரச் சொன்னார்கள்.

அன்றைக்கு அம்மாவை நான் வைததை எழுதினால் மலரில் போட மாட்டார்கள். உன் முன்னால் பொய் சொல்கிறான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, நீ வெறும் கல்தானா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "விடு பேச்சி. நான் ரொம்ப நாளு எடத்த அடைக்க மாட்டேன்" என்றார். குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதே.

இனி சொல்லப்போவதுதான் என் பாவம். அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போனேன். நெய் விளக்குப் போட்டேன். "அவன் சத்தியம் பொய்யின்னா அவன் பிள்ளைய எடுத்துக்கோ" என்று வேண்டினேன். ஆமாம், அந்தப் பிள்ளையைத்தான். ஒரு தரம் வாய் தவறி வந்தது இல்லை. மூன்று வாரமும் தெரிந்தேதான் கேட்டேன். அம்மா கேட்கவில்லை. பிள்ளை ரெட்டைச் சடையோடு பால்வாடிக்குப் போய் வந்தது. அதைப் பார்த்து வயிறெரிந்தேன். என்ன ஜென்மம் நான்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் செல்வி டிராம்பேக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிள்ளை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணுமே நடக்கலக்கா" என்றாள் செல்வி.

"அதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?"

"அதான்க்கா பயமா இருக்கு. பொய்ச் சத்தியம் பிள்ளையத்தான புடிக்கும். பிள்ள இருமுனா மனசு இதானோங்கு. கீழ விழுந்தா இதானோங்கு. இன்னைக்கு வராதது நாளைக்கு வருமோன்னு இவள அடுப்புப் பக்கமே விடல. ராத்திரியெல்லாம் மூக்குல கை வச்சு மூச்சு வருதான்னு பாக்கேன். என்னால ஏலலக்கா."

பையிலிருந்து அந்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து என் மடியில் வைத்தாள். "நீங்க வேணா அங்க இருங்க, நான் பிள்ளையோட அந்த ரூமுக்குள்ள காலு வைக்க மாட்டேன்னு அவுககிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

முருகேசன் பத்து நாள் முரண்டு பிடித்தான். பிறகு சாமானைக் கட்டினான். சர்வேக்காரர்களிடம், இது அண்ணாச்சி ரூம், நான் வாடகைக்கு இருந்தவன் என்று அவன் வாயாலேயே சொன்னான். பாக்கி வாடகையை நான் கேட்கவில்லை. நாலு பேராகச் சேர்ந்து என் வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கி வந்து எங்கள் ரூமில் படுக்க வைத்தோம். சுவரைத் தடவிப் பார்த்தார். காலை நீட்டினார். தை மாதம் அங்கேயே கண்ணை மூடினார்.

சொந்தங்களே, நான் கேட்டதை அம்மா கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ரூம் கிடைத்திருக்கும், நான் மனுஷியாக இருந்திருக்க மாட்டேன். ஒரு தாயின் மனசுக்குள் போய் உட்கார்ந்து அம்மா வழக்கை முடித்தாள். உங்களுக்கும் இப்படி ஒரு கஷ்டம் வரும். அப்போது அம்மாவை வாய்க்கு வந்தபடி வையுங்கள், சண்டை போடுங்கள், கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். யார் பிள்ளைக்கும் கேடு கேட்காதீர்கள். இப்போது வெள்ளிக்கிழமை முதல் விளக்கு அந்தப் பிள்ளை பேரில்தான் போடுகிறேன். எதற்கு என்று செல்விக்குத் தெரியாது. பெரியம்மா ஆசையாகப் போடுகிறாள் என்று நினைக்கிறாள்.

செல்வி இங்கேயே பிறந்து இந்தி ஸ்கூலில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. இந்த மலர் அவள் வீட்டுக்கும் வரும். உங்களில் யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.