செப்டம்பரில் ஒரு வெதுவெதுப்பு

கெர்ரி நியூஸிலாந்துக்குக் கிளம்பிய செப்டம்பர் காலையில், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஃபைலி முழுவதும் கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனிக்குள் கிடந்தது. டாக்ஸி தெருமுனையைத் தொடும் முன்பே மறைந்துவிட்டது. வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்த நோரீனுக்கு, மகளைத் தான் அனுப்பிவைத்ததாகவே தோன்றவில்லை. பனி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனது போலிருந்தது.

உள்ளே வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சுவரில், வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டரில் தோள் சாய்ந்தது. லேசாக ஒரு வெதுவெதுப்பு. யாரோ உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியைப் போல. கண்ணை மூடினாள். விழித்தபோது இரும்பு சில்லென்றிருந்தது. கனவுதான் என்று எழுந்துபோய் தேநீர் போட்டாள்.

கனவாகத்தான் இருக்க முடியும். அந்த வீட்டில் செப்டம்பரில் ஹீட்டர் ஓடாது. அக்டோபர் கடைசி ஞாயிறு, நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாளில்தான் அதை முடுக்குவார்கள். அது அவள் கணவன் ரெஜ் போட்ட சட்டம். ரெஜ் போய்ச் சேர்ந்த பிறகு நோரீன் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பாதி வாழ்நாளைக் கடற்கரை ஐஸ்கிரீம் கடையில் நின்று கழித்தவள் அவள். கீழைக்காற்று காதை அறுக்கும்போதும் கோனில் ஐஸ்கிரீம் வழித்துக் கொடுத்தவளுக்குக் குளிரிடம் ஒரு வீம்பு இருந்தது. ஒட்டுவீட்டு க்ளைவின் பாய்லர் குழாயில் அக்டோபர் தொடக்கத்திலேயே ஆவி வந்தால் விடமாட்டாள்.

"என்ன க்ளைவ், உடம்பு கிடம்பு சரியில்லையா? ஹீட்டர் போட்டிருக்கே."

அந்த ஞாயிறு வந்தது. ரெஜின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். பாய்லர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது.

பதற்றம் எதுவும் இல்லை. போகும் முன் கெர்ரி, ஹீட்டர் பழுதானால் சரிசெய்து தரும் காப்பீடு ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தாள். "இனிமே நீ நடுங்கினா அது உன் திமிருதாம்மா, பாய்லர் மேல பழி போடமுடியாது" என்று சொல்லியிருந்தாள். கம்பெனி அனுப்பிய மெக்கானிக், வெந்நீரைக் குழாய்களில் ஓடவிடும் பம்ப் இறுகிவிட்டது, ரொம்ப நாள் ஓடாமல் கிடந்திருக்கிறது என்றான். அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். காப்பீடு தொடங்கியது செப்டம்பர் முதல் தேதி, அதற்கு முன்பே பழுதாகியிருந்தால் எங்கள் பொறுப்பில்லை என்றாள்.

"செப்டம்பர் ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் ஒரு தடவையாவது ஹீட்டர் ஓடிச்சாங்க?"

"செப்டம்பர்லயா? எங்களை என்னன்னு நெனச்சே கண்ணு?"

எவ்வளவு பெருமையாகச் சொன்னோம் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஏப்ரலில் அணைத்த ஹீட்டர் எப்போது செத்ததென்று யாருக்குத் தெரியும்? காப்பீடு இல்லை என்று பதில் வந்தது.

க்ளைவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஓடிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"ஓடாததை எப்படி ஓடிச்சுன்னு சொல்றது?"

"அப்போ குளிர்ல விறைச்சுப் போ."

"உன் வீட்டுச் சூடு சுவர் வழியா இந்தப் பக்கம் வருது. அது போதும் எனக்கு."

படியில் உணர்ந்த வெதுவெதுப்பு அவள் நினைவுக்கு வராமலில்லை. ஆனால் கனவைச் சாட்சிக்கு எப்படிக் கூப்பிடுவது? கம்பெனி மேல் புகார் சொல்லிக் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு போட்டபோதும் அதை எழுதவில்லை.

கெர்ரியிடமும் வாய் திறக்கவில்லை. மகள் கொடுத்த பரிசு உதவாமல் போனது என்று அவளிடமே எப்படிச் சொல்வது? வீடியோவில் பேசும் நாட்களில் கோட்டைக் கழற்றிவைப்பாள். சூடான கோப்பையைக் கன்னத்தில் உருட்டிச் சிவப்பு வரவழைத்துக்கொண்டு, இங்கே எல்லாம் சௌக்கியம் என்பாள்.

குளிர்காலம் முழுக்கச் சமையலறையில், வெந்நீர்ப் பையை அணைத்தபடி படுத்தாள். தூக்கமும் விழிப்பும் ஒன்றில் ஒன்று கரைந்தன. ரெஜ் ஐஸ்கிரீம் கோன்களை நீட்டுவான், அவற்றிலிருந்து ஆவி பறக்கும். சுவருக்குள் குழாய்கள் கடலைப் போல ஏறி இறங்கி மூச்சுவிடும். படிகளில் கெர்ரி வெறுங்காலோடு இறங்குவாள். கால் பட்ட இடமெல்லாம் சூடாக இருக்கும்.

ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டியது. இன்னொரு குளிர்காலம் இந்த வீட்டில் இப்படிக் கிடக்கக்கூடாது, முதியோர் குடியிருப்புக்குப் போய்விடுங்கள் என்றார் மருத்துவர். அது கடல் கண்ணுக்கே எட்டாத ஊரில் இருந்தது. புது பம்ப் போட நோரீனிடம் வசதியில்லை. வீடு நிற்குமா போகுமா என்பது இப்போது அந்த அதிகாரியின் கையில் இருந்தது.

மார்ச்சில் அவருடைய முதல் கருத்து வந்தது. கம்பெனி சொல்வதில் தவறு தெரியவில்லை. காப்பீடு தொடங்கிய பிறகு ஹீட்டர் ஓடியதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் மாத முடிவுக்குள் காட்டலாம். நோரீன் அதைப் படித்துவிட்டுப் போய் அதே படியில் உட்கார்ந்தாள். வெளியே மறுபடியும் மூடுபனி. இரும்பில் தோளைச் சாய்த்து, இல்லாத சூட்டைத் தேடினாள்.

மடியில் போன் அதிர்ந்தது. கெர்ரியிடமிருந்து ஒரு செய்தி.

"அம்மா, க்ளைவ் எல்லாத்தையும் சொல்லிட்டார். நான் கெளம்பின அன்னிக்குக் காலைல, நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி ஹீட்டரைப் போட்டேன். படிக்கிட்ட இருக்கற ரேடியேட்டர்ல ஈர சாக்ஸைக் காயவெச்சேன். நீ எறங்கி வர்ற சத்தம் கேட்டதும் அணைச்சுட்டேன். நம்ம வீட்ல செப்டம்பர்ல ஹீட்டர் ஓடிச்சுன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு போட்டோ எடுத்து வெச்சேன். சாக்ஸ்ல இருந்து ஆவி வர்றது நல்லாத் தெரியுது, தேதியும் இருக்கு. இதோட அனுப்பறேன். நல்லாத்தாம்மா ஓடிச்சு. இப்போ திட்டு."