கடல் காவலரின் பேனர்

என் அக்கா புருஷனைப் போல ஒரு ஆளுக்குப் பெண்ணைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு என்ன தலையெழுத்தோ! ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கூடவே கடல் உயிர்களைக் காப்பாற்ற ஒரு சங்கமும் நடத்துகிறார். உறுப்பினர்கள் எல்லாம் கடைக்கு வந்து, மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் கையெழுத்துப் போட்டவர்கள். விசிட்டிங் கார்டில் தன் பெயருக்குக் கீழே 'கடல் காவலர்' என்று தானே பட்டம் போட்டுக்கொண்டார். அந்தக் காவலருக்குக் கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட்டதை நான் பார்த்ததில்லை.

வலையில் சிக்கி, இடது துடுப்பு பாதி அறுந்த ஆமை ஒன்று கரை ஒதுங்கியது. கால்நடை மருத்துவர் தையல் போட்டார். புண் ஆறும் வரை அதை மொட்டைமாடித் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டது அக்காதான். கடல்தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து மாற்றினாள், கணவாய் மீனை நறுக்கி வாயருகே நீட்டினாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உயர்ந்து கேட்டது. மாமா போட்டோகிராபரோடு மட்டும் மாடி ஏறுவார்.

ஆமையைக் கடலில் விட்ட அன்று மணலில் இரண்டு கம்பு நட்டு, வீட்டுச் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர் கட்டினார். அதில் ஆமை ஒரு மூலையில் தட்டு அளவுக்கு இருந்தது. மிச்ச இடமெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு மாமா. ஆமை தண்ணீரில் இறங்கியபோது அக்கா அழுதாள். அவர் கேமராவைப் பார்த்துக் கையாட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா சொன்னாள்: "பேனரை அவுத்துடுங்க. காத்துல பிஞ்சு கடல்ல போய் விழும். கண்டதையும் தின்னுடும் அதுங்க."

"விருது குடுக்கறவங்க பார்க்க வர்றாங்கடி. அதுவரைக்கும் இருக்கட்டும். உனக்கு விளம்பரத்தப் பத்தி என்ன தெரியும்?"

"நானே அவுக்கறேன்."

"கை வச்சே, நடக்கறதே வேற!"

நானும் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! வெயிலில் காய்ந்து ஓரம் ஓரமாகக் கிழிந்தது பேனர். ஒரு மழைக்காற்றில் கம்பு மட்டும் மிஞ்சியது. விருதுக்காரர்கள் வரவே இல்லை.

அப்புறம் ஒருநாள் மருத்துவர் கூப்பிட, மூன்று பேரும் போனோம். கரையில் செத்துக் கிடந்த ஆமையின் இடது துடுப்பில் அவர் போட்ட தையல் தழும்பு இருந்தது. தொண்டையை அறுத்து, சுருண்டிருந்த ஒரு ஃபிளெக்ஸ் துண்டை இடுக்கியால் உருவி, தட்டில் விரித்து வைத்தார். பாதி மீசையும் நாலு பல்லும். சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தன. நல்ல மை போடுவார் எங்கள் மாமா.

அக்கா அதைப் பார்த்தபடியே நின்றாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "சங்கத்து சார்பா பெருசா ஒரு அஞ்சலி பேனர் வச்சிடலாம். கடற்கரையிலயே வச்சாதான் நாலு பேர் பார்ப்பாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. அக்கா கத்தவில்லை. ஆமையின் துடுப்பை ஒருமுறை தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

"வைங்க. உங்க மூஞ்சி மட்டும் வேண்டாம். அதை இது ஏற்கனவே முழுங்கிப் பார்த்துடுச்சு."