பழப்புளியில் குளித்த ஈயக்குண்டுகள்

என் பெரியம்மா யோகமலர் மோர்னிங்சைட்டில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். பின்சீட்டில் பிள்ளைகள் போடுகிற கூச்சலை ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டவருக்கு வெடிச்சத்தமெல்லாம் தாலாட்டு. அதனால்தான் ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே இருக்கிற கிளப் ஒன்றில் சேர்ந்து, லைசென்ஸும் எடுத்து, பழங்காலத்துத் துப்பாக்கி சுடப் பழகினார். குழல்வாயால் வெடிமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக்குண்டை இடித்து இறக்குகிற ரகம். ஒரு வெடிக்கு எடுக்கிற நேரத்தில் நாங்கள் பீட்சா ஓடர் பண்ணிச் சாப்பிட்டும் முடித்துவிடலாம்.

அந்தக் கிளப்பில் ஒரு விதி. போட்டிக்கு வருகிறவர் தன் குண்டைத் தானே வார்த்திருக்கவேண்டும். பெரியம்மா கராஜ் கதவை அகலத் திறந்து, முகமூடி, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார். பார்த்தால் விண்வெளிக்குப் போகப் புறப்பட்டவர் மாதிரி இருக்கும். புதிதாய் விழுகிற குண்டு வெள்ளிபோல மின்னும். சில நாளில் மங்கிச் சாம்பலாகும்.

“சாம்பல் நல்லது. அது ஈயத்துக்குச் சட்டை. வெள்ளையாய் மாப் பூத்தால்தான் வருத்தம்” என்பார் பெரியம்மா. அந்த நோய் வராமல் இருக்க அவர் செய்யாத பணிவிடை இல்லை. வெறுங்கையால் தொடமாட்டார், வியர்வை ஆகாது. மட்டைப்பெட்டியிலும் மரப்பெட்டியிலும் போடமாட்டார், அவை ஈரத்தையும் புளிப்பையும் கக்குமாம். மெல்லிசாய் எண்ணெய் தடவி, இறுக்கமான தகரடப்பாவில் போட்டு, சப்பாத்துப் பெட்டியோடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் உள்ளே வைத்து மூடுவார். எனக்கு யாரும் இவ்வளவு கவனமாய் ஜக்கெட் போட்டுவிட்டதில்லை.

பெரியப்பா நவரட்ணத்துக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. “உந்த வெடி” என்பதோடு சரி. அவருடைய இலாகா வேறு. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை அவர்தான் பழப்புளி போட்டு மினுக்குவார். அந்த வீட்டு விளக்கில் முகம் பார்த்துத் தலை வாரி இழுக்கலாம்.

இந்த முறைப் போட்டி சாதாரணமானதல்ல. ஜெயித்தால் பெரிய போட்டிக்கு ஒட்டாவாவுக்குப் போகிற கிளப் அணியில் மிச்சமிருந்த ஒரே இடம் கிடைக்கும். பெரியம்மா அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் பஸ் ஓட்டும்போதுகூட ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் சிவப்பு லைட்டைப் பார்த்தார்.

சனிக்கிழமை விடியப் போட்டி. வெள்ளிக்கிழமை பெரியம்மா பின்னேர பஸ் ட்ரிப் போயிருந்த நேரத்தில், விளக்கு மினுக்கி முடித்த பெரியப்பாவின் பார்வை தகரடப்பாவில் விழுந்தது. கையில் புளி மிச்சமிருந்தது.

காலையில் கராஜிலிருந்து வந்த சத்தத்துக்கு, போட்டி பார்க்க வந்து தங்கியிருந்த நான் சோபாவிலிருந்து உருண்டு விழுந்தேன்.

“இஞ்சாருங்கோ! இது என்ன செய்து வச்சிருக்கிறியள்?”

“மினுக்கி வச்சனான். கறுத்துப்போய்க் கிடந்ததப்பா. வெள்ளைக்காரருக்கு முன்னால உந்தக் கோலத்தில குண்டைக் கொண்டுபோறதே? நீர் சந்தோசப்படுவீர் எண்டு…”

மினுக்கியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பயறு முளைக்கக் கட்டுவதுபோல ஈரத்துவாயில் இறுக்கி முடிந்தும் வைத்திருந்தார். முளைத்தேவிட்டது. ஒவ்வொரு குண்டிலும் வெள்ளை மா. எல்லாம் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்றன.

“எதில போட்டு மினுக்கினனீங்கள்?”

“மீன்சட்டியில.”

பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். “அந்தச் சட்டியில இனி ஒண்டும் சமைக்கேலாது. உந்த மா நஞ்சு. ஊதாதேங்கோ, தட்டாதேங்கோ. முதல்ல போய்க் கையைச் சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவுங்கோ.”

“அப்ப உது சரிவராதே?” பெரியப்பாவின் குரல் சட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

பெரியம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். புதிதாய் வார்க்க நேரமில்லை. கையுறையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு வாசலில் குந்தினார். காய்ந்த துணியால் தேய்த்தால் தூசி பறக்கும் என்று, எண்ணெயில் ஊறிய துணியால் ஒவ்வொரு குண்டாய்த் துடைத்தார். துடைத்ததைக் கண்ணாடித் துண்டில் உருட்டினார். நேரே ஓடியதை எடுத்தார். குழி விழுந்து குடிகாரன்போல் வளைந்து ஓடியதை ஒதுக்கினார். ஒதுக்கின குவியல்தான் பெரிதாய் வளர்ந்தது. பெரியப்பா கழுவின கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு கதவடியிலேயே நின்றார், வைத்தியசாலையில் ஆள் பார்க்க வந்தவர்போல. எனக்கு வாய்க்குள் பத்துப் பகிடி வந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை.

“ஏறுங்கோ காரில, ரெண்டு பேரும்” என்றார் பெரியம்மா.

கிளப்பில் சுடுகிற வரிசைக்குப் பொறுப்பானவர் கிளிபோட், மன்னார்க்காரர். பார்வையாளருக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார். அதற்குப் பின்னால் பெரியப்பா காதை இரண்டு கையாலும், கண்ணை இமையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

பெரியம்மா சுட்டார். புகை. இடித்தார், சுட்டார். இன்னும் புகை. கடைசிக்கு முந்திய குண்டு இலக்கின் ஓரத்தோடு உரசிப் போனது. பிக்கரிங்கிலிருந்து வந்து, எல்லாக் குண்டும் சுட்டு முடித்துவிட்ட துஷாந்த் அண்ணாவும் அவரும் புள்ளியில் சமம். நல்ல குண்டெல்லாம் தீர்ந்துபோய், லேசாய்ச் சொறி பிடித்த ஒன்றுதான் மிச்சம்.

அதை விரலில் உருட்டிப் பார்த்தார். வழக்கத்தைவிடத் தடித்த துணியில் சுற்றினார். “சேலை கட்டினால் சொறி தெரியாது” என்று முணுமுணுத்துக்கொண்டு இடித்து இறக்கினார்.

வெடி. புகை விலக ஒரு யுகம் எடுத்தது.

“பட்டுதே? தம்பி, பட்டுதே?” பெரியப்பா கண்ணைத் திறக்காமலே என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

கிளிபோட் தூரக்கண்ணாடியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு நிமிர்ந்தார். “யோகக்கா, ஒட்டாவாவுக்கு லீவு போடுங்கோ!”

பெரியப்பா கத்திய கத்தலில் பக்கத்து மரத்துக் காகமெல்லாம் கிளம்பியது. வெடிக்குக்கூட அவை அசையவில்லை.

“அண்ணை! கோட்டுக்கு அங்கால நில்லுங்கோ, துவக்கெல்லாம் இன்னும் கீழ வைக்கேல்ல!” என்று கிளிபோட் அதட்டினார். பெரியப்பா கோட்டில் கால்நுனியை வைத்து, விமானநிலையத்தில் ஆளைக் கூப்பிட வந்தவர்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு துள்ளினார்.

பெரியம்மா துப்பாக்கியை வைத்துவிட்டு, புகைக்கரி படிந்த முகத்தோடு ஆறுதலாக நடந்து வந்தார்.

“இனி என்ர சாமானில கை வைப்பியளே?”

“சத்தியமா இல்லை.”

“ஒட்டாவாவுக்கு ஆர் கார் ஓட்டுறது? நான் குண்டு டப்பாவை மடியில வச்சிருக்கவேணும்.”

“நான்தான்! நான்தானப்பா!” என்றார் பெரியப்பா. ஹைவேயில் ஓட்டுவதென்றாலே நடுங்குகிற மனுசன்.