கோசோங் ஸ்கூட்டர்

சோதனைச் சாவடிக்கு இருபது கஜம் இருக்கும்போதே ஜக்கரியா காதில் செருகியிருக்கும் திருப்புளியை எடுத்துவிடுவார். முன்னால் நிற்கும் ரப்பர் லாரி நகர்வதற்குள் ஸ்கூட்டரின் இடப்பக்கத் தகடு கழன்று அவர் தலைக்கு மேல் நிற்கும். "கோசோங், துவான்," என்று காவலரிடம் காட்டுவார். காலி என்று மலாயில் பொருள். அடுத்து வலப்பக்கத் தகடு, அடுத்து இருக்கை. கடைசியில், யாரும் கேட்காமலே, தலையிலிருக்கும் சொங்கோக் தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவார். "இதுவும் கோசோங்."

மலாயாவின் அவசரகாலத்துக்கு இது பத்தாவது ஆண்டு. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று, கெடா மாநிலத்துக் கூலிம் பக்கத்துச் சாலைகளில் அனுமதி இல்லாமல் ஒரு பிடி அரிசிகூட நகர முடியாது. பொந்து உள்ள எதையும் திறந்து காட்ட வேண்டும். ஜக்கரியா தம் சட்டைப் பைகளையே தைத்து மூடிவிட்டார். "சோத்த வயித்துல கொண்டு போனா கேக்க மாட்டான். அதுக்கு இன்னும் சட்டம் வரல லா."

ஐம்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் செய்யும் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குக் கூலிமில் அவர்தான் ஏஜெண்டு. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டார். அது இருக்கும் ஊரையே ஒரு பெரிய மனிதராக்கி வைத்திருக்கிறார். "பர்மிங்கம் கடுதாசி போட்டிருக்காரு." "பர்மிங்கம் மனசு மாறிட்டாரு."

மனம் மாறியது உண்மைதான். கனத்த வண்டிகளை வாங்கிவந்த தோட்டத் துரைமார்கள், சுடப்படுவோம் என்று பயந்து இரும்புத் தகடு அடித்த கார்களுக்குள் போய்விட்டார்கள். "பெட்டிக்குள்ள உக்காந்திருக்கவனுக்கு மோட்டார் சைக்கிள் விக்க முடியுமா தம்பி?" இங்கிலாந்திலும் இளைஞர்கள் உடையில் எண்ணெய் படாத வண்டி கேட்டார்களாம். கம்பெனி ஸ்கூட்டர் செய்தது. எஞ்சினை மூடிய வண்டி. வேட்டி கட்டிய கிராணியும், அதாவது தோட்டத்துக் குமாஸ்தாவும், ஓட்டலாம். ஆறு ஸ்கூட்டர்களை அனுப்பி, வருடக் கடைசிக்குள் ஆறும் விற்காவிட்டால் ஏஜென்சி வேறு கடைக்குப் போகும் என்று எழுதியது. இருபது வருடமாகக் கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை இறங்கிவிடும்.

முதல் வண்டியை வாங்கியவர் தோட்டக் கிராணி பரஞ்சோதி. நான்காம் நாள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஜக்கரியா ஊருக்கே காக்கா.

"காக்கா, இது வயிறு வச்ச வண்டி லா. சாவடியில புள்ளத்தாச்சியப் பாக்குற மாதிரி அரை மணி நேரம் தட்டித் தட்டிப் பாக்குறான். ஆபீசுல துரை கத்துறாரு."

"நீ கோசோங்னு சொல்லலியா?"

"சொன்னேன். கோசோங்னா எதுக்கு மூடி வச்சிருக்கேன்னு கேக்குறான்."

ஜக்கரியா பர்மிங்கத்துக்குக் கடுதாசி எழுத என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தின் முதல் பட்டதாரி, பொருளாதாரம் படித்தவன். ஜக்கரியாவுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதித் தருவது தவிர அந்தப் படிப்பால் ஊருக்கு வேறு என்ன பயன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் சொன்னபடியே எழுதினேன்: 'உள்ளே எதையும் வைக்க முடியாத ஸ்கூட்டர் செய்து அனுப்பவும்.' ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. பொருள் வைக்கும் வசதியில் கெடா ஏஜெண்டு காட்டும் அக்கறை மகிழ்ச்சி தருகிறது. புது மாடலில் பெட்டி இரு மடங்கு பெரியது. பூட்டும் சாவியும் இலவசம்.

நான் எழுதியதைப் பிழை என்று நினைத்து அங்கே யாரோ திருத்தி வாசித்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க எனக்கே என் இலக்கணத்தின்மேல் சந்தேகமாக இருந்தது. ஜக்கரியாவுக்குச் சந்தேகம் இல்லை. "பர்மிங்கம் நல்ல மனுஷன். காதுதான் கொஞ்சம் மந்தம்."

மறுநாள் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலை ஒரு சுருள் வாங்கி வந்தார். தகடுகளைக் கழற்றிவிட்டு வலையை மாட்டினார். வண்டியின் குடல் முழுவதும் வெளியே தெரிந்தது. முன்பக்கம் சிவப்புச் சாயத்தில், தமிழில் ஒன்று, மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தில் ஒன்றாக, 'கோசோங்' என்று எழுதினார். சாவடிக் காவலர் வலைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், சிரித்தார், போகச் சொன்னார். பரஞ்சோதி தம் வண்டிக்கும் வலை போட்டு எடுத்துப் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஒன்று வாங்கினார், பள்ளிக்கூட வாத்தியார் ஒன்று. டிசம்பர் நடுவில் ஐந்து விற்றுவிட்டன. கழற்றத் தகடே இல்லாத பிறகும் திருப்புளி மட்டும் ஜக்கரியாவின் காதைவிட்டு இறங்கவில்லை.

அப்போதுதான் வலை வண்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, கம்பெனியின் பினாங்குக் கிளையிலிருந்து தர்மலிங்கம் வேனில் வந்து இறங்கினார். கழுத்தில் டை. வேனுக்குள் இரு மடங்கு பெட்டி வைத்த புது மாடலும் ஓர் ஏணியும் இருந்தன. ஏணி, பலகையை இறக்குவதற்கு.

"ஐம்பது வருஷக் கம்பெனி, மிஸ்டர் ஜக்கரியா. அதைக் கோழிக்கூடாக்கிட்டீங்க."

"கோழி இல்லீங்க சார். கோசோங்."

"எல்லா வண்டிக்கும் திரும்பத் தகடு மாட்டணும். இல்லேன்னா இன்னைக்கே போர்டு இறங்கும்."

"இறக்கிக்கலாம் சார். அதுக்கு முந்தி தோட்டத்துல கிராணியப் பாத்து, நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டாரு. புது வண்டியிலயே வாங்க."

ஜக்கரியாவின் வலை வண்டியில் பின்னால் நான் உட்கார்ந்தேன். சாவடியில் காவலர் எங்களைக் கையசைத்து அனுப்பினார். அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தோம். காவலர் புது மாடலின் பெட்டியை இரண்டு முறை தட்டினார்.

"பூக்கா." திற என்கிறார்.

தர்மலிங்கம் காற்சட்டைப் பைகளைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். பெட்டிச் சாவி பினாங்கில், மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் அதை ஆங்கிலத்தில் விளக்கினார். காவலர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் துப்பாக்கியோடு வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். பின்னால் ரப்பர் லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. தர்மலிங்கம் டையைத் தளர்த்திக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார்.

ஜக்கரியா வண்டியை நிறுத்திவிட்டுச் சொங்கோக்கைச் சரிசெய்துகொண்டார். நிதானமாக நடந்துபோய், காதிலிருந்து திருப்புளியை எடுத்து, கைலியில் ஒருமுறை துடைத்து, இரண்டு கையாலும் தர்மலிங்கத்திடம் நீட்டினார்.