திட்டு வாங்கிய ரோஸி

போன சனிக்கிழமை ஒரு குதிரைக்கு மெமோ கொடுக்கப்பட்டதை நேரில் பார்த்தேன். வாய்மொழி மெமோதான். ஆனாலும் மெமோ மெமோதானே?

சம்பவம் நடந்த இடம், குன்னூருக்குக் கீழே எங்கள் ஊர் டீ ஃபேக்டரியின் லீஃப் ஷெட். பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி பூட்டிக் கிடக்கிறது. இலை வந்து குவிந்த ஷெட்டில் இப்போது சனிக்கிழமைதோறும் குதிரை வந்து நிற்கிறது.

டூரிஸ்ட் சவாரி அல்ல. ஃபிலோமினா டீச்சரின் சிகிச்சை வகுப்பு. நிமிர்ந்து உட்காரச் சிரமப்படுகிற குழந்தைகள், பக்கவாதம் வந்தவர்கள்... இவர்களைக் குதிரையில் உட்கார வைத்து மெதுவாக நடக்க விடுவார். குதிரையின் அசைவில் இடுப்பும் முதுகும் தாமாக வேலை செய்யப் பழகுமாம். பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவர். இதற்கென்றே வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்திருக்கிறார்.

குதிரையை ஒருவர் பிடித்து நடத்த வேண்டும். சவாரி செய்பவர் விழாமல் பார்த்துக்கொள்ள இரு பக்கமும் ஆள் நடக்க வேண்டும். இடது பக்கம் டீச்சர். வலது பக்கம் நான். என்ன தகுதி என்கிறீர்களா? "நீங்க சும்மாதானுங்களே இருக்கீங்க" என்றார் டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் பத்தி எழுதுகிறவனை இதைவிடச் சரியாக யாரால் சொல்ல முடியும்?

இதே வேலை செய்கிற வேறு டீச்சர்கள் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள் — டீச்சர் கடையில் எதையும் வாங்கவில்லை. ஹெல்மெட் மட்டும்தான் புதிது. இலைச் சாக்கை நாலாக மடித்தால் குதிரை முதுகுக்கு மெத்தை. கொழுந்துக் கூடையைத் தூணில் கட்டினால், குதிரை மேலிருந்தே குழந்தைகள் பந்து போட ஒரு கோல். லாரியில் மூட்டை ஏற்றக் கட்டிய மேடைதான் குதிரை ஏறும் மேடை. என்ன... லாரி உயரத்துக்குக் கட்டியது. ரோஸியோ குள்ளக் குதிரை. அதனால் எங்கள் வகுப்பில் யாரும் குதிரை மேல் ஏறுவதில்லை. இறங்குகிறார்கள்.

இங்கேதான் பழனிசாமி அண்ணன் வந்து சேர்ந்தார். அதே ஃபேக்டரியின் டீ மேக்கர், அதாவது இலை தூளாகும்வரை எல்லா வேலைக்கும் மேற்பார்வையாளர். அவர் குரல் கேட்டால் மெஷின்கூட வேகம் எடுக்கும் என்பார்கள். ஃபேக்டரி மூடிய கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து வலது பக்கம் சோர்ந்துவிட்டது. "இலைச் சாக்கு மாதிரி சரிஞ்சு போறாருங்க" என்றார் அவர் மனைவி சரசக்கா.

அண்ணனுக்கு ஒரே கவலை. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும். அவருடைய மூத்த அண்ணன் வேறு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "தம்பியால முடியலைன்னா நான் உக்காந்துக்கறேன். புது வேட்டி எடுத்து வச்சாச்சு."

டாக்டர் சரி என்றதும் டீச்சர் அவரைக் குதிரையில் உட்கார வைத்தார். முதல் நாள் முழுக்க என் தோள் மேலேயே சாய்ந்திருந்தார். மறு வாரம் டீச்சர், "அந்த நல்ல கையத் தூக்குங்கண்ணா" என்றார். தூக்கினார்.

ரோஸி நின்றுவிட்டது. காதை விறைத்து, கழுத்தை வளைத்து, பக்கவாட்டில் திரும்பி ஒரு போஸ்.

கயிறு பிடித்திருந்த மஸ்தான் பாய் நெளிந்தார். "ஊட்டி ஏரிக்கிட்ட ஓடுன குதிரைங்க டீச்சர். மேல இருக்கறவங்க கையத் தூக்குனா போட்டோன்னு அதுக்கு அர்த்தம். கேரட்டக் குடுத்து மறக்க வச்சுடறேன்."

பழனிசாமி அண்ணனுக்கு ஏறியது பாருங்கள் கோபம். "யாரைக் கேட்டு நிறுத்துன? ஓடற ரோலர் நடுவுல நின்னா இலை என்னத்துக்காகும்?" என்று குதிரையைத் திட்டித் தீர்த்தார்.

பாய் சொன்னபடியே செய்தார். சில வாரங்களில் யார் கையைத் தூக்கினாலும் ரோஸி நிற்காமல் நடந்தது. பாய்க்கு ஏகப் பெருமை. எனக்குத்தான் தோள் வலி. அண்ணன் மறுபடி சாக்கு மூட்டையாகிவிட்டார்.

"இடையில நல்லா நிமிந்தாரே, இப்ப என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

சரசக்கா சொன்னார்: "திட்டறப்பத்தானுங்க நிமிந்தாரு. இப்பக் குதிரையும் தப்புப் பண்றதில்ல. ஃபேக்டரி மூடுனதுல இருந்து திட்டறதுக்கு ஊட்ல நான் ஒருத்திதான். நானும் காதுல வாங்கறதில்லீங்க."

டீச்சர் பாய் பக்கம் திரும்பினார். "பாய்... அதுக்குப் பழையபடி நிக்கச் சொல்லிக் குடுங்க."

"அப்ப இத்தன நாளு நான் பாடுபட்டது?" என்ற பாயின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரோஸிக்கு ஒரு வருத்தமும் இல்லை. மறப்பதற்குத் தின்ற கேரட்டை இப்போது நினைவுக்குக் கொண்டுவருவதற்காகத் தின்றது.

அப்படித்தான் போன சனிக்கிழமை அந்த மெமோ. அண்ணன் கையைத் தூக்கினார். ரோஸி நின்றது. அண்ணனின் முதுகு என் தோளை விட்டுக் கிளம்பி, கம்பம் போல நிமிர்ந்தது. "இங்க பாரு ரோஸி. வேலைக்கு வந்தா வேலையப் பாரு. போஸ் குடுக்கறதா இருந்தா லீவு எழுதிக் குடுத்துட்டுப் போ. இதான் கடைசி வார்னிங்."

ஷெட்டை அவர் சுற்றி முடிக்கும்வரை என் கைக்கு வேலையே இல்லை.

நேற்று கல்யாணம். மேடைக்குக் குதிரையைக் கொண்டுபோக முடியுமா? சரசக்கா பக்கத்தில் உட்கார, அண்ணன் மணையில் உட்கார்ந்தார். மந்திரம் நீண்டது. வலது பக்கம் மெல்லச் சரிய ஆரம்பித்தது. டீச்சரும் நானும் கீழே நாற்காலி நுனியில் இருந்தோம்.

மூத்தவர் புது வேட்டியோடு மேடை ஏறிக் குனிந்தார். "முடியலைன்னா சொல்லு தம்பி, நான் உக்காந்துக்கறேன்."

அவ்வளவுதான். முதுகு நிமிர்ந்தது. "வேலை நடக்கற எடத்துல உங்களுக்கு என்னங்ண்ணா ஜோலி? கீழ எறங்குங்க."

அவர் விடுவாரா? இரண்டு மந்திரத்துக்கு ஒரு தடவை வந்து அதையே கேட்டார். கேட்கக் கேட்க இவர் நிமிர்ந்தார். தண்ணீர் வார்த்து முடிகிறவரை சரியவே இல்லை.

டீச்சர் இப்போது மூத்தவரைச் சனிக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.